தலைவருக்குக் கருத்து கிடையாது

வெர்மான்ட்
ஊர்க்கூட்டம் முடிந்து இரண்டாம் நாள், வியாழக்கிழமை

அன்பு மகள் கோலெட்டுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் முழங்கால் வரை சேற்றோடு நலமாக இருக்கிறோம், லிதுவேனியாவில் நீ சளி காய்ச்சல் இல்லாமல், காய்ந்த காலுறையோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். பயிற்சிக்குக் காட்டுக்குள் போகும்போது கைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், தாளில் எழுதினால் சட்டைப்பையில் வைத்துப் படிப்பேன் என்று நீ சொன்னதால்தான் பேனாவை எடுத்தேன். இல்லாவிட்டால் நடந்ததையெல்லாம் உன் அம்மா தொலைபேசியில் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருப்பாள், அதுவும் அவள் பக்கத்து நியாயத்தை மட்டும். பனி சீக்கிரமே உருகிவிட்டது, நம் வீட்டுப் பாதையில் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது, ஊர்ச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ராய்ஸ் பெல்கி டிராக்டரைக் கட்டி இழுத்துவிட்டுப் போனான், போகும்போது நம் தபால் பெட்டியையும் சேர்த்து இழுத்துவிட்டான், கேட்டால் அது ஏற்கனவே சாய்ந்துதான் இருந்தது என்கிறான். கழுத்துக்குச் சால்வை போடாமல் வெளியே போகாதே, அம்மா சொல்லச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நடந்த ஊர்க்கூட்டத்தில் உன்னைப் பற்றி ஒரு தீர்மானம் வந்தது. உன் பெயர் அதில் எழுதியிருக்கவில்லை, ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் உன் பெயரைத்தான் படித்தார்கள். உன்னைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிப்போன ஹாரியட் ஃபைஃபீல்டு ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருப்பாள் என்று நினைத்தோம், அவள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்துவிட்டாள். நம்முடைய நேச நாடுகளில் எதன்மீது அந்நியப் படை பாய்ந்தாலும் அதை நம்மீதே பாய்ந்ததாக எண்ணி நம் நாடு துணை நிற்க வேண்டும், அதற்கான சட்டத்துக்கு வாஷிங்டனில் நம் உறுப்பினர்கள் ஆதரவு தர வேண்டும் என்று இந்த ஊர் கேட்டுக்கொள்கிறது, இதுதான் தீர்மானம். அப்படி ஒரு படை பாய்ந்தால் எங்கே முதலில் பாயுமோ அங்கேதான் நீ ராணுவ லாரிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்கிறாய் என்பது ஊருக்கே தெரியும். அதனால் ஒரு வாரமாகக் கடைக்குப் போனாலும் தபால் நிலையத்துக்குப் போனாலும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார். கூட்டத்தின் தலைவர் நான். தலைவர் பேசக் கூடாது, பக்கம் சாயக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஓட்டு சமமாக வந்தால் ஒழிய ஓட்டும் போடக் கூடாது. இத்தனை வருஷமாக அதை நான் எப்படிக் காப்பாற்றி வந்தேன் என்று உனக்குத் தெரியும். ஜன்னலுக்கு இரண்டு துணியைக் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று உன் அம்மா கேட்டபோதே தலைவருக்குக் கருத்து கிடையாது என்று சொன்னவன் நான். கூட்டத்தன்று காலையில் அவள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, "ஹாரியட் கொண்டுவர்ற தீர்மானத்தைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள், பழக்க தோஷத்தில் நானும் அதையே சொல்லிவிட்டேன். "அப்படின்னா தலைவருக்குக் காப்பியும் கிடையாது" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெறும் வயிற்றோடுதான் மேடை ஏறினேன்.

கூடத்தில் என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் போன மாதம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். மெர்ல் டாட்ரோ இருக்கிறானே, அவன் மேப்பிள் மரத்துச் சாறு இந்த வருஷம் பிப்ரவரியிலேயே இறங்கிவிட்டது, கொட்டகையில் அடுப்பு மூட்டிப் பாகு காய்ச்சத் தொடங்கினான். கூரை வழியே வெள்ளையாக ஆவி போகும், அதைப் பார்த்தால் நமக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டன்மூரில் தீயணைப்புக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், பாஸ்டன்காரர், பாகு கடையில்தான் விளைகிறது என்று நினைப்பவர். தூரத்திலிருந்து ஆவியைப் பார்த்தார், தீ என்று முடிவு கட்டினார். நம் இரண்டு ஊருக்கும் ஒப்பந்தம் உண்டே, ஓர் ஊரில் தீ என்றால் மற்ற ஊர் கூப்பிடாமலே ஓடிவர வேண்டும் என்று. வந்தார்கள், மணி அடித்துக்கொண்டு இரண்டு வண்டியில் வந்தார்கள், மெர்ல் கரண்டியோடு வெளியே ஓடிவந்து கையை ஆட்டினான், பாவம் தீயில் மாட்டிக்கொண்டு உதவி கேட்கிறான் என்று நினைத்து முதல் தண்ணீரை அவன்மேலேயே அடித்தார்கள். பிறகு கொதிக்கிற பாகில் அடித்தார்கள், பாத்திரம் வளைந்து படகு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்வான் என்று வரிசையாக நின்றார்களாம். அன்று மெர்ல் சொன்னதை உனக்கு எழுத முடியாது, நீ ராணுவத்தில் இருந்தாலும் என் மகள்.

ஆகவே ஹாரியட் எழுந்து, கூட்டாளி என்றால் ஆபத்தில் ஓடிவருவது என்று நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே மெர்ல் எழுந்துவிட்டான். நம் வழக்கம் உனக்குத் தெரியும், கூட்டத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசக் கூடாது, எல்லாவற்றையும் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும், அதனால் ஊரிலுள்ள அத்தனை வசவும் என் காது வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். "தலைவரே, ஓடிவர்ற கூட்டாளிய நான் பாத்துட்டேன், இன்னும் என் காதுல தண்ணி நிக்குது. ஹாரியட் அம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு உங்க மூலமா மரியாதையா தெரிவிச்சுக்கிறேன்" என்றான். ஹாரியட்டும் விடவில்லை, "தலைவரே, இவன் மூணாங்கிளாஸ் படிக்கும்போதே பேருந்து சன்னல் வழியா தலைய நீட்டாதடான்னு சொன்னேன், கேக்கல, அதான் இப்படி ஆயிட்டான்னு உங்க மூலமா சொல்லிவைங்க" என்றாள். நான் சொல்லிவைத்தேன், வேறு என்ன செய்ய, அது என் வேலை.

மெர்ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். துணைக்கு வரும் நாடு எதுவானாலும், வருவதற்கு முன் அது புகையா ஆவியா என்று விசாரித்துவிட்டு வர வேண்டும் என்பது திருத்தம். இது உலக விவகாரம், இதில் ஆவி எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார், உலகப் போரெல்லாம் அப்படித்தான் தொடங்கியது என்று இன்னொருவர் சொன்னார், அவர் சரித்திரம் படித்தவர் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. திருத்தம் நிறைவேறிவிட்டது. உடனே ராய்ஸுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பனிப்புயலின்போது நம் ஊர் மணல் தூவும் வண்டியை டன்மூர்க்காரர்கள் உதவிக்கென்று வாங்கிக்கொண்டு போனார்களே, இன்னும் திருப்பித் தரவில்லை, போதாக்குறைக்கு அதற்குப் பச்சை வர்ணமும் அடித்துவிட்டார்கள். "தலைவரே, அந்நியப் படை நம்ம சொத்த பிடிச்சுவச்சிருக்கு, வர்ணமும் மாத்தியாச்சு. இது ஆக்கிரமிப்பு இல்லன்னா எது ஆக்கிரமிப்பு? நேச நாடுகள் பட்டியல்லேர்ந்து டன்மூர தூக்கணும்" என்றான். டன்மூர் ஒரு நாடு இல்லை என்று நான் சட்டப்படி எடுத்துச் சொன்னேன். "அத அவனுங்ககிட்ட சொல்லுங்க தலைவரே" என்றான். இதன்மேல் எத்தனை பேர் பேசினார்கள் என்கிறாய், ஒரு அம்மாள் தன் மருமகன் டன்மூர்க்காரன் என்பதால் தீர்மானம் நிறைவேறினால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிடலாமா கூடாதா என்று விளக்கம் கேட்டாள். அந்தத் திருத்தம் தோற்றுப்போனது, ராய்ஸ் சுவரோரம் போய் நின்றுகொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

நான் மேடையில் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது. ஒருவன் ஆவி என்கிறான், ஒருவன் மணல் வண்டி என்கிறான், ஆனால் எல்லோரும் பேசி முடித்து உட்காரும்போது ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். உன்னைப் பற்றி நேராகப் பேச ஒருவருக்கும் தைரியம் இல்லை, அதனால்தான் இந்தச் சுற்றிவளைத்த பேச்செல்லாம் என்று எனக்குத் தோன்றியது.

மதியம் நெருங்கியது. சமையலறைப் பொறுப்பு இந்த வருஷமும் உன் அம்மாவுக்குத்தான், மாவுக்குள் கோழிக்கறி வைத்துச் சுடும் சிக்கன் பையும், வேகவைத்த அவரைக்கொட்டையும் அடுப்பில் தயாராக இருந்தன. கூட்டத்தை ஒத்திவைத்துச் சாப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஹாரியட் எழுந்து, எதிரிப் படை நம் சாப்பாட்டு நேரம் பார்த்தா வரும் என்று கேட்டாள். அப்போதுதான் அம்மா சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள், இடுப்பில் ஏப்ரனும் கையில் அகப்பையுமாக. எதிரி வந்தால் அவனுக்கும் ஒரு தட்டு போடலாம், ஆறிப்போன சிக்கன் பையை மட்டும் எவனுக்கும் போட முடியாது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பிறகு அங்கேயே நின்றாள். பேச அனுமதி கேட்டாள். நான் கொடுத்தேன், கொடுக்காமல் இருக்க முடியுமா.

"தலைவரே, உங்க மூலமா உங்களையே ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ஆவி, மணல் வண்டி எல்லாம் பேசியாச்சு. எனக்கு ஒரு மக இருக்கா, அவ அங்க இருக்கா. தலைவருக்கும் ஒரு மக இருக்கிறதா கேள்விப்பட்டேன். இந்தத் தீர்மானம் ஜெயிச்சா அவ அங்கயே நிக்கணும்னு ஊரே சேர்ந்து சொன்ன மாதிரி. இத அவர் எப்படி எடுத்துக்கிறார்னு தெரிஞ்சா நல்லாருக்கும்." கோலெட், வாயைத் திறந்தேன், தலைவருக்குக் கருத்து கிடையாது என்று வந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அம்மா தலையை ஆட்டிவிட்டு, "சரி, நன்றி தலைவரே" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

ஓட்டுக்கு விட்டேன். ஆம் என்பவர்கள் ஆம் என்று கத்தினார்கள், இல்லை என்பவர்கள் இல்லை என்று கத்தினார்கள், இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டது. எழுந்து நிற்கச் சொல்லி எண்ணச் சொன்னேன். ஆம் பக்கத்தில் ஹாரியட்டும் அவள் ஆட்களும் எழுந்தார்கள். இல்லை என்று கேட்டதும் மெர்ல் எழுந்தான், இன்னும் நிறையப் பேர் எழுந்தார்கள், சமையலறை வாசலில் உன் அம்மா நின்றாள், அகப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு. எண்ணினால் இல்லை பக்கம் ஒரே ஓர் ஓட்டில் ஜெயித்திருந்தது. என் மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கியதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. சுத்தியலைத் தூக்கினேன். அப்போது எண்ணியவர்களில் ஒருத்தி ஓடிவந்து, ராய்ஸை இரண்டு பக்கமும் எண்ணிவிட்டோம் என்றாள். ராய்ஸுக்கு முதுகுவலி, அவன் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, காலையிலிருந்து சுவரோடு சுவராக நின்றுகொண்டுதான் இருந்தான், அவன் எப்போது ஓட்டுக்கு நிற்கிறான், எப்போது முதுகுக்கு நிற்கிறான் என்று யாருக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "தலைவரே, டன்மூர் நாசமாப் போகட்டும், ஆனா கோலெட் தனியா நிக்கக் கூடாது. ஆம் பக்கம்தான்" என்றான். இல்லை பக்கத்தில் அவனைக் கழித்தார்கள். இரண்டும் சமமாகிவிட்டது.

சமமானால் தலைவர் ஓட்டுப் போட்டாக வேண்டும், நானே பல வருஷமாகப் படித்துக் காட்டிய விதி. வாஷிங்டனில் நம் ஊர்த் தாளை யார் படிக்கப்போகிறார்கள், ஏதோ ஓர் அறையில் ஒரு பெட்டிக்குள் போய் விழும், அதற்கா இவ்வளவு என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் எதிரே உன் அம்மா நிற்கிறாள். நீ கிறிஸ்துமஸ் சமயத்தில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, முகாம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரொட்டிக் கடைக்காரர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்னிடம் அடுத்த வாரமும் இருப்பீர்களா என்று கேட்பார், இருப்போம் என்று நீ சொன்னதும் உள்ளே திரும்பி மனைவியிடம் கத்திச் சொல்வார், அதற்குப் பிறகுதான் அவள் அடுத்த வாரத்து மாவு மூட்டைக்குச் சொல்லி அனுப்புவாள் என்று. அந்த மனிதர் என்னிடமே வந்து கேட்பது போல இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஆசைப்பட்டேன், சத்தியமாக ஆசைப்பட்டேன். என் மகளை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அவருக்கும் மகளோ மகனோ இருப்பார்கள், அவர்களை அனுப்பிவைக்க வேறு வீடு இல்லை. தலைவர் ஆம் என்று ஓட்டளிக்கிறார் என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினேன். கைதட்டல் ஒன்றும் இல்லை. ஹாரியட் கைக்குட்டையை எடுத்தாள். அடுத்த தீர்மானம் சாலைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய் வாங்குவது, அதை ஒரே நிமிஷத்தில் ஏகமனதாக நிறைவேற்றிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

வரிசையில் நானும் தட்டோடு நின்றேன். அம்மா எனக்குச் சிக்கன் பையில் கருகிய மூலையாகப் பார்த்து வெட்டி வைத்தாள். மெர்ல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெர்ல், நீ இல்லை பக்கம் ஓட்டுப் போட்டாயே, என்மேல் வருத்தமா என்று கேட்டேன். "எனக்கு ஹாரியட்மேலயும் டன்மூர்மேலயும்தான் கோவம். பொண்ணுக்கு ஒரு டின் பாகு தர்றேன், அனுப்பி வை, தண்ணி படாதது" என்றான். இதோடு வரும் பெட்டியில் அதை வைத்திருக்கிறேன், நன்றாகச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் நிமிர்த்தி வைத்துத் திற.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டி மறுபடியும் சேற்றில் இறங்கிவிட்டது. ராய்ஸைக் கூப்பிட எனக்கும் அம்மாவுக்கும் மனமில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அம்மாவிடம் நான்தான் முதலில் பேசினேன். டெல்ஃபீன், நாடு துணை நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் நாடு என்றால் யார் என்று பார்த்தால் அந்தக் கூடத்திலிருந்து போனவள் நம் பெண் ஒருத்திதான், மற்றவர்கள் ஓட்டுப் போட்டார்கள், நான் அவளையே எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் கதவைத் திறந்து இறங்கி, கூட்டத்துக்குப் போட்டுவந்த நல்ல காலணியோடு சேற்றில் நின்று வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினாள். நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை.

இரண்டு நாளாக என்னோடு அதிகம் பேசவில்லை. நேற்றிலிருந்து காப்பி மட்டும் வருகிறது. நான் சொன்ன ஆம் உன்னைக் கட்டிப்போடுவதற்கு இல்லை மகளே, உன் தவணை முடிந்ததும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வந்து சேர், வேறு யாராவது போய் நிற்கட்டும், அதையும் நான் சத்தமாகச் சொல்வேன். பற்களைப் பார்த்துக்கொள், பாதிப் பட்டினியோடு படுக்காதே, உன் படைப்பிரிவில் எவனாவது அதிகமாகக் குடித்தால் அவன் ஓட்டும் வண்டியில் ஏறாதே. தோழிகளையெல்லாம் விசாரித்ததாகச் சொல். கடவுள் உன்னையும் உன்னோடு நிற்பவர்களையும், அந்த ரொட்டிக் கடைக்காரர் குடும்பத்தையும் ஒரு கீறல் படாமல் காக்கட்டும். பதில் எழுதும்போது உறையின்மேல் அம்மா பெயரைப் போடு, மறக்காதே.

கடிதத்தை மடிக்கும் முன் உன் அம்மாவிடம் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பாமலே சொன்னாள், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் வேண்டாம்னுதான் நின்னேன்னு எழுதுங்க, அத மறைக்க வேண்டாம். இன்னொரு தடவை கேட்டாலும் அப்படித்தான் நிப்பேன். ஆனா ஓட்டுல நான் தோத்துட்டேன், தோத்தவங்களும் ஊர் முடிவுக்குக் கட்டுப்படணும். அதனால அவ அங்க நிக்கிற வரைக்கும் நானும் அவகூட நிக்கிறேன்னு எழுதுங்க."

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ஆரின்